திருகோணமலையில் பழைய சிபிஆர் 250 வாங்கி வைத்திருப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

ஹொண்டா சிபிஆர்250ஆர்ஆர், அதாவது பைக் பிரியர்கள் 'எம்சி22' என்று சொல்லும் பைக்கை முதல் தடவையாக வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1990இல் ஜப்பானில் வெளிவந்த பைக் இது. 249 சிசிக்குள் நான்கு சிலிண்டர், நான்கு காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்), தண்ணீரால் குளிரும் என்ஜின், 45 குதிரைவலு. 1994இலிருந்து வந்தவற்றில் 40. மீற்றரில் சிவப்புக் கோடே நிமிடத்துக்கு 19,000 சுற்றில்தான் தொடங்கும். அந்தச் சத்தத்தை உட்துறைமுக வீதியில் ஒருமுறை கேட்டவருக்கு வேறு 250இல் மனம் போவது கஷ்டம்.

ஆனால் இது 30 வருடப் பழசு, நாம் இருப்பதோ கடலோரம். அதனால் வேகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பதிவுப் புத்தகம், பிறகு என்ஜின், பிறகு கரண்ட், பிறகு கறள்.

படி 1: லைசன்ஸும் புத்தகமும்

ஏ1 வகுப்பு லைசன்ஸ் 100 சிசி வரைக்கும்தான். 250க்கு ஏ வகுப்பு வேண்டும். அது இல்லையென்றால் பைக் தேடுவதற்கு முன்னர் அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பதிவுப் புத்தகம். பைக்கைத் தொடுவதற்கு முன்னரே அதைக் கையில் வாங்குங்கள். செசி இலக்கம், அதாவது பைக்கின் சட்டகத்தில் உள்ள இலக்கம், ஹாண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும். டோர்ச் அடித்து, ஒவ்வொரு இலக்கமாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். செசி 'எம்சி22' என்று தொடங்கும், என்ஜின் 'எம்சி14ஈ' என்று தொடங்கும். இரண்டும் வேறு வேறாக இருக்கிறதே, என்ஜின் மாற்றிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். ஹொண்டா அந்த என்ஜின் குடும்பத்துக்கு வைத்த பெயரே அதுதான். ஹொண்டாவின் ஹோர்னெட் 250 பைக்கிலும் அதே பெயர்தான் இருக்கும். பயப்பட வேண்டியது இலக்கத்தைச் சுற்றி உரசிய தடம், புதுப் பெயின்ட், ஏறி இறங்கி நிற்கும் எழுத்து ஆகியவற்றுக்குத்தான். அப்படி ஏதாவது கண்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் 'ஓப்பன் பேப்பர்'. புத்தகத்தில் பெயர் உள்ளவர் எப்போதோ வெளிநாடு போயிருப்பார். அவர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் மட்டும் மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். "அண்ணன், பேப்பர் எல்லாம் கிளியர்" என்று விற்பவர் சொல்லுவார். புத்தகத்தில் உள்ளவரோடு நீங்களே பேசி, உரிமை மாற்றம் நடக்கும் என்பது உறுதியான பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வருட லைசன்ஸ் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்றும் கேளுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அதைப் புதுப்பிக்க முடியாது. காபரேற்றர் சரியில்லாத பைக் புகைப் பரிசோதனையில் தேறாது.

படி 2: ஆறிய என்ஜினைக் கேளுங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதலே சொல்லி வையுங்கள். போனதும் என்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

ஆறியிருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ நீலமோ தெளிந்த கூலன்ட் இருந்தால் நல்லது. செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், ரேடியேற்றருக்குக் கீழே நான்கு புகைக் குழாய்கள் தெரியும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் சில துளி தண்ணீர் தெளியுங்கள். மூன்றில் 'ஸ்ஸ்' என்று ஆவியாகி, ஒன்றில் மட்டும் துளி அப்படியே வழிந்து போனால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் காபரேற்றர் அடைத்திருக்கும், இல்லையென்றால் பிளக் அல்லது பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் கொயில். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலையில் கழிக்க வேண்டியது.

இந்த என்ஜினில் கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) சுழற்ற செயின் கிடையாது, பற்சக்கரங்களே சுழற்றுகின்றன. அதனால் விசில் போல ஒரு கூவல் கேட்கும். அது அதன் இயல்பு. 'டக் டக்' என்று அடிச்சத்தம் வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். முறுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது.

படி 3: கரண்ட்

பழைய ஹொண்டாக்களை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் சார்ஜ் ஆகாத பற்றரி. ஒரு மல்டிமீற்றர் கொண்டுபோங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது பற்றரியில் 12.5 வோல்ட் அளவு இருக்க வேண்டும். 5,000 சுற்றில் பிடித்துப் பாருங்கள்: 13.5க்கும் 14.8க்கும் இடையில் நின்றால் சரி. 13க்கு மேலே ஏறவே இல்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் போய்விட்டது, பற்றரியும் பின்னாலேயே போகும். மூன்று மஞ்சள் வயர்கள் சேரும் பிளக்கைத் தேடிக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: கறளும் அடிபட்ட தடமும்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் நின்ற பைக்கென்றால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். டாங்கிக்குள் டோர்ச் அடியுங்கள். அடியில் செம்பழுப்பு இருந்தால் அந்தக் கறள்தான் நாளை நான்கு காபரேற்றரையும் அடைக்கப்போகிறது. முன் போர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்) பளபளப்பான குழாயை விரலால் மேலிருந்து கீழே தடவுங்கள். நகத்தில் குழி தட்டினால் புது ஒயில் சீல் போட்டாலும் சீக்கிரமே கிழியும்.

ஹாண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். அந்த முட்டு உடைந்திருந்தால், வெல்டிங் வைத்திருந்தால், பைக் பலமாக விழுந்திருக்கிறது.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கட்டை தேயாமல் நன்றாக இருந்தாலும் வயது போன டயர் இறுகியிருக்கும்; மழையில் பிடிக்காது.

படி 5: வாங்கிய கையோடு

சந்தோஷத்தில் கந்தளாய் வரை ஒரு ஓட்டம் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். என்ஜின் ஒயில், ஒயில் பில்டர், கூலன்ட், பிரேக் ஒயில், பிளக் எல்லாவற்றையும் முதலில் மாற்றுங்கள். என்ஜின் ஒயில் 10டபிள்யூ-40, பைக்குகளுக்கான தரக் குறியான ஜாசோ எம்ஏ என்று போட்டதாக இருக்க வேண்டும். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும். பிரேக் ஒயில் டொட் 4. அது காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டிவரும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். காபரேற்றர் நான்கையும் சமப்படுத்தத் தெரிந்த மெக்கானிக்கைப் பைக் வாங்குவதற்கு முன்னரே கண்டுபிடித்து வையுங்கள். நல்ல மெக்கானிக் கிடைப்பது நல்ல பைக் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

படி 6: இங்கே ஓட்டுவது, வைத்திருப்பது

இதன் பலம் 10,000 சுற்றுக்கு மேலேதான் வரும். டவுனுக்குள் அதைத் தேட வேண்டாம். கோட்டைப் பக்கம் மான்கள் சும்மா வீதிக்கு இறங்கும், நிலாவெளி வீதியில் மாடும் மணலும். கந்தளாய், ஹபரணை வழியில் பொழுதுபட்டால் யானை. காலையில் போய் வெளிச்சத்தோடு திரும்புங்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் டவுன் நெரிசலில் நிற்கும்போது ரேடியேற்றர் காற்றாடி சுழல்கிறதா என்று காது கொடுங்கள். சுழலவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர்தான் சரி. துடைத்துக் காயவிட்டு, செயினுக்கு ஒயில், வயர் பிளக்குகளுக்குள் கொஞ்சம் கிரீஸ். தறப்பாள் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் படுக்கை விரிப்புப் போதும்.

கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்காமல் விடுவதென்றால் நான்கு காபரேற்றரின் அடியிலும் உள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்திப் பெற்றோலை வடித்துவிடுங்கள். டாங்கியை முழுதாக நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடமில்லையென்றால் உள்ளே கறள் பிடிப்பது குறையும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, இடைக்கிடை சார்ஜ் போடுங்கள்.