தலைக்குள் கிடப்பதைத் தாளில் இறக்குவது எப்படி? (எனக்குச் சரிப்பட்ட முறை)

போன வருடம் ஒரு 19ஆம் தேதி ராத்திரி. ஒரு ஜவுளிக்கடையின் கொள்முதல் பில்களை இன்னொரு ஜவுளிக்கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இரண்டும் ஒரே தெருவில் இருக்கும் கடைகள். யாரிடம் என்ன விலைக்குச் சரக்கு எடுக்கிறார்கள் என்பது அதில் அப்படியே இருந்தது. நல்லவேளை, அதைப் பெற்றவர் நல்ல மனிதர். "மேடம், இது நம்முளுது இல்லீங்களே" என்று பதில் போட்டார். உடனே அழித்தேன். அன்று தூக்கம் மட்டும் வரவில்லை.

ஈரோட்டில் ஐந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி வரிக்காக மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். பத்து வருடமாகச் செய்கிற வேலை, கை தானாகவே போகும். தவறு கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் தலைக்குள் அம்மாவின் கண்புரை ஆபரேஷன், மகளின் வேன் ஃபீஸ், புக் செய்யாத கேஸ், கொழுந்தனார் கேட்டிருந்த கடன் எல்லாம் ஒரே கூட்டமாக நின்றுகொண்டிருந்தன.

ஒரே நேரத்தில் மனதில் எத்தனை விஷயங்களைப் பிடித்து வைத்திருக்க முடியும் என்று உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1956இல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்றார், இரண்டு கூடலாம் குறையலாம். 2001இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து, ஏறக்குறைய நான்குதான் என்றார். நான் நாற்பதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

என்ன வேண்டும்

கோடு போடாத நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா ஒன்று, தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். அவ்வளவுதான். செயலி வேண்டாம். மூன்று செயலிகளில் முயன்றுவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு வரி குறிக்கப் போனைத் திறப்பேன், மேலே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும், பத்து நிமிடம் கழித்து எதைக் குறிக்க வந்தேன் என்றே தெரியாது. ஜெல் பேனாவும் வேண்டாம், வேகமாக எழுதினால் கையில் ஈஷும்.

படி 1: கொட்டுங்கள்

போனை வேறு அறையில் வைத்துவிட்டு 20 நிமிடம் உட்காருங்கள். தலையில் இருப்பதையெல்லாம் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வரிசை வேண்டாம், அழகு வேண்டாம். "ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க" என்பதும் "மாமியார் ஏன் அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை" என்பதும் அடுத்தடுத்து வரலாம்.

முதல் ஏழெட்டு நிமிடம் மளமளவென்று வரும். அப்புறம் ஒன்றுமே வராது. முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். முதலில் வருவதெல்லாம் மேலே மிதப்பவைதான். அந்த வெறுமையைத் தாண்டி உட்கார்ந்தால்தான் அடியில் கிடப்பது வரும். என் பட்டியலில் 48ஆவது வரியாக வந்தது: "கொழுந்தனாருக்கு முடியாது என்று சொல்ல வேண்டும்." மொத்தம் 61 வரிகள்.

படி 2: அடியுங்கள்

நம்மால் ஒன்றும் செய்ய முடியாதவை, அடுத்தவர் வேலை, பழைய மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. யோசிக்காமல் செய்யுங்கள். எனக்கு 17 அடிபட்டன. மாமியார் வரியும் அதில் ஒன்று.

படி 3: வரியை வேலையாக மாற்றுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் தடவை இந்தப் படியே எனக்குத் தெரியாது. எழுதினேன், அடித்தேன், மீதி 44 வரிகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நாலு நாள் ஒட்டியிருந்தது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாம் நாள் கிழித்துப் போட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொன்னவர்கள் மேலெல்லாம் கோபம் வந்தது.

அடுத்த மாதம் பழைய வரிகளை யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. "அம்மா கண்" என்று எழுதியிருந்தேன். அது வேலை இல்லை, கவலையின் பெயர். பார்க்கும் ஒவ்வொரு முறையும் "இதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதையே இப்படி மாற்றினேன்:

"வியாழன் காலை 7 மணி, அம்மாவை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். புதன் ராத்திரியே ஃபைலை மஞ்சப்பையில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்ட வேண்டும்."

வேலை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தலை அதை விட்டுவிட்டது. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முடிக்காத வேலையை நினைவூட்டிவிட்டு ஒரு நாவலின் பகுதியைப் படிக்கச் சொன்னால், அந்த வேலை நடுவில் வந்து படிப்பைக் கெடுத்தது. அதை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் எழுதியவர்களுக்குத் தொல்லை குறைந்தது. வேலையை முடிக்க வேண்டியதுகூட இல்லை, திட்டமே போதுமானதாக இருந்தது.

வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "எதை? எங்கே? எப்போ?" என்று அவர் திரும்பக் கேட்பாரென்றால் வரி இன்னும் முடியவில்லை. "இன்ஷூரன்ஸ்" என்றால் கேட்பார். "சனிக்கிழமை மதியம் பீரோ இரண்டாம் தட்டில் இருக்கும் பாலிசியை எடுத்து, கடைசித் தேதியைக் காலண்டரில் குறிக்க வேண்டும்" என்றால் பேசாமல் போய்ச் செய்துவிடுவார்.

44 வரிகளுக்கும் இதைச் செய்யாதீர்கள், கை ஒடிந்துவிடும். இந்த வாரத்துக்கு உரியதை மட்டும் மாற்றுங்கள். மற்றவை "பிறகு" என்று தலைப்பிட்ட வேறொரு பக்கத்துக்கு. ஞாயிறு சாயங்காலம் காபியோடு அந்தப் பக்கத்தை ஒரு முறை புரட்டினால் போதும்.

படி 4: ஒன்றை எடுங்கள்

மாற்றி எழுதியவற்றில் எது முக்கியம்? எது அவசரம் என்று பார்த்துத்தான் வெகுநாள் ஏமாந்தேன். 3பி தாக்கல் அவசரம்தான், ஆனால் அதற்குக் காவல் இருக்கிறது. தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும், கடைக்காரர் போன் போட்டே எழுப்பிவிடுவார். கடைசித் தேதி உள்ளது எப்படியாவது நடந்துவிடும். தேதியே இல்லாதது, யாரும் போன் போட்டுக் கேட்காதது, ஆனால் தள்ளிப்போட்டால் வாரா வாரம் கனக்கிறது எது என்று பாருங்கள். என் விஷயத்தில் அது 48ஆவது வரி. இரண்டு மாதம் சுமந்தேன். பேசி முடிக்க 11 நிமிடம் ஆனது. கொழுந்தனார் "சரிங்க அண்ணி, வேற எடத்துல பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான்!

எடுத்த ஒன்றைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கணினித் திரை ஓரத்தில் செருகிவிடுங்கள். மூன்று வரிக்கு மேல் இடமிருக்காது, அதனால் ஆசைப்பட்டு இன்னொரு வேலையைச் சேர்க்க முடியாது. (காலண்டர் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். சிலதில் பாட்டி வைத்தியக் குறிப்பு அச்சடித்து இடத்தை அடைத்திருப்பார்கள்.)

படி 5: 25 நிமிடம்

அந்த ஒன்றுக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். நடுவில் வேறு நினைவு வந்தால் நோட்டு ஓரத்தில் ஒரு சொல் குறித்துவிட்டுத் திரும்புங்கள். நேரம் பார்க்கப் பழைய அலாரம் கடிகாரம் போதும். குக்கர் விசிலை வைத்துக் கணக்குப் பண்ணாதீர்கள். பண்ணிப் பார்த்தேன். மனது விசிலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது, பருப்பும் குழைந்துபோனது.

சேர்த்தது 1: ராத்திரி எழுதினால் தூக்கம் கெடாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கவலையைக் கிளறினால் கெடும். நாளை செய்ய வேண்டியதை மட்டும் ஐந்து நிமிடம் எழுதினால் கெடாது. 2018இல் அமெரிக்காவில் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். ஆகவே படி 1 பகலில், படி 3 வேண்டுமானால் ராத்திரியில்.

சேர்த்தது 2: "கைக்குழந்தை இருக்கிறது, 20 நிமிடம் எங்கே போவது?" ஐந்து ஐந்து நிமிடமாக நாலு தடவை எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் எழுதியதைத் திரும்பப் படிக்காமல் கீழே தொடருங்கள், படித்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

சேர்த்தது 3: ஒரு தங்கை எழுதியிருந்தார், நோட்டை வீட்டில் எடுத்துப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரும் பேசவில்லையாம். இதை நான் யோசிக்கவே இல்லை, தப்பு என்னுடையது. படி 1ஐ நோட்டில் எழுதாதீர்கள், தனித்தாளில் எழுதுங்கள். படி 3 முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்து, தண்ணீரில் நனைத்துக் கசக்கிக் குப்பையில் போடுங்கள். பால்பாயிண்ட் மை தண்ணீரில் அழியாது, அதனால் கிழிக்காமல் நனைத்துப் பிரயோசனமில்லை.