நிழல் போஸ்டர், 40 பிரதி

பெங்களூரு அல்சூரில் மாமாவின் கல்யாணப் பத்திரிகைக் கடையில் பழகிய ஸ்கிரீன் பிரிண்டிங் வேலையைத்தான் இப்போது பழைய பேய்ப்படப் போஸ்டர்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு படத்துக்கு 40 பிரதி. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதலில் நான் எடுத்துக்கொண்டது 1922-ல் வந்த ஜெர்மன் மௌனப்படமான 'நோஸ்ஃபெராட்டு'. படியேறும் அந்த நீள விரல் நிழலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் சட்டப்படி ஒரு சினிமாவுக்குக் காப்புரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான். இருந்தாலும் காட்சியை அப்படியே நகலெடுக்காதீர்கள். நான் எங்கள் வீட்டு மாடிப்படியில் டார்ச் அடித்து, அக்கா மகன் கையின் நிழலைச் சுவரில் விழவைத்து வரைந்தேன். நிழலுக்குள் கண்ணும் பல்லும் சேர்த்துப் பார்த்தேன், பொம்மை மாதிரி ஆகிவிட்டது. அழித்த பிறகுதான் எனக்கே முதுகு சில்லிட்டது.

மங்கலான மஞ்சள், கறுப்பு என்று இரண்டு நிறம் போதும். ஒவ்வொன்றுக்கும் தனியாக டிரேசிங் பேப்பரில் கறுப்பு லேசர் பிரிண்ட் எடுங்கள். கறுப்பு, மஞ்சளின் விளிம்பில் அரை மில்லிமீட்டராவது ஏறி நிற்கட்டும், இல்லாவிட்டால் இடையில் வெள்ளைக் கோடு தெரியும்.

77டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள வலைத்துணி) போட்ட ஸ்கிரீனில், வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் எமல்ஷன் பசையை மெல்லிசாகப் பூசி, இருட்டில் காயவிடுங்கள். அதன்மேல் அந்த பிரிண்டை வைத்து எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டுவது என்று யாரையும் கேட்காதீர்கள், உங்கள் விளக்குக்கு உங்கள் கணக்கு. ஒரு அட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்திச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரில் கழுவினால் கறுப்பு மறைத்த இடத்து எமல்ஷன் போய்விடும், அந்த வழியாகத்தான் மை இறங்கும்.

காகிதம் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. சுல்தான்பேட்டையில் வாங்கலாம். 40 வேண்டுமென்றால் 50 தாள் வாங்குங்கள். அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் முழுக்க விரித்து வையுங்கள். போன ஜூலை மழையில் நான் இதைச் செய்யவில்லை. மஞ்சள் அடித்த மறுநாள் தாள்கள் ஈரத்தில் உப்பி, கறுப்பு எங்கும் சரியாக உட்காரவில்லை. 18 தாள் வீணாகிவிட்டது.

மஞ்சள் முதலில், கறுப்பு கடைசியில். ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தாள் மூலைகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்ட, மேசையில் மூன்று அட்டைத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் நிற்காமல் ஒரே இழுப்பு. ஸ்கிரீனைத் தூக்கும்போது மை தாளை விட்டு மெல்லப் பிரியும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சீராக இருந்தால் அச்சு சரி, இழுபட்டுக் கேட்டால் மை காயத் தொடங்கிவிட்டது. உடனே ஈரத்துணியால் துடையுங்கள், அப்புறம் பழைய தாளில் ஒரு இழுப்பு.

காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து, கெட்டதைக் கிழித்துவிடுங்கள். நல்லவற்றில் பென்சிலால் 1/40, 2/40 என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண் எழுதி முடித்த அன்றே எமல்ஷனைக் கரைத்து ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள். போன மாதம் ஒரு நண்பர் எவ்வளவு காசானாலும் பரவாயில்லை, இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வந்தார். அதே ஸ்கிரீனில் அதற்குள் அடுத்த படம் ஏறியிருந்தது.