கவிழ்த்து வைத்த சீட்டு எப்போது வேலை செய்யும்? யூ-கி-ஓவில் செட், ஃபிளிப், ட்ராப் செய்முறை

போன ஜூலையில் கூடலூரில் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. பள்ளிக்கூடம் லீவு, கரண்டும் இல்லை, அக்கா மகன் என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான். போனில் சார்ஜ் தீர்ந்ததும் யூ-கி-ஓ என்ற ஜப்பானியச் சீட்டு விளையாட்டின் என் பழைய டெக்குகளை எடுத்து வெளியில் போட்டேன். அரை மணி நேரத்தில், அவன் கவிழ்த்து வைத்திருந்த பூச்சிச் சீட்டை நான் அடித்ததும் ஒரு கேள்வி வந்தது. "மாமா, என் பூச்சிதான் செத்துப் போச்சே, செத்தது எப்படி உங்க ஆளைக் கொல்லும்?" அவனுக்குச் சாதகமான விதியை அவனே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறான்! சிரிப்பு வந்தாலும் சிரிக்க யோக்கியதை இல்லை, இதே இடத்தில் நான் ரெண்டு வருஷம் தப்பாக ஆடியிருக்கிறேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெக் கட்டுவது, லைஃப் பாயிண்ட் கழிப்பது, ட்ரிப்யூட் கொடுப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இருபத்தெட்டு. எங்கள் பக்கம் கேரளா கூப்பிடு தூரம் என்பதால் கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் ராத்திரி இந்த ஆட்டம் ஓடும். ஏலம் கேட்டவர் தன் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். கேட்ட இனம் கையில் இல்லாத ஒருவர் "துருப்பைக் காட்டு" என்றால்தான் அது திரும்பும், அதுவரை அந்த இனத்துச் சீட்டுக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. யூ-கி-ஓவிலும் கவிழ்ந்து கிடக்கும் சீட்டு அப்படித்தான். ஒரே வித்தியாசம், இருபத்தெட்டில் காட்டிய நொடியே துருப்பு அமலுக்கு வந்துவிடும். யூ-கி-ஓவில் சீட்டு திரும்புவது ஒரு நேரம், அது வேலை செய்வது வேறொரு நேரம். எல்லாக் குழப்பமும் இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

படி 1: வைப்பது

சண்டை போடும் மான்ஸ்டர் என்றால் படுக்கைவாட்டில் குப்புற. ஸ்பெல் (மந்திரச் சீட்டு), ட்ராப் (பொறிச் சீட்டு) என்றால் நேராகக் குப்புற. உங்கள் சீட்டை நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், எதிராளி பார்க்க முடியாது. மான்ஸ்டரை செட் செய்தாலும், அதாவது கவிழ்த்து வைத்தாலும், அந்த டர்னின் ஒரு நார்மல் சம்மன் (நிமிர்த்தி இறக்கும்) வாய்ப்பு செலவாகிவிடும், ஆனால் செட் என்பது சம்மன் ஆகாது. அதனால்தான் 1000 அல்லது அதற்கு மேல் அட்டாக் உள்ள ஆளை நார்மல் சம்மனோ ஃபிளிப் சம்மனோ செய்யும்போது கொல்லும் ட்ராப் ஹோல் என்ற ட்ராப், செட் செய்யும்போது வாயைத் திறக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிராளி ஒரு மான்ஸ்டரைப் பலி கொடுத்துவிட்டு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார் என்றால் அது பெரும்பாலும் லெவல் 5 அல்லது 6. இரண்டு பலி என்றால் 7 அல்லது அதற்கு மேல். சீட்டு மூடியிருந்தாலும் பாதிக் கதை வெளியே வந்துவிட்டது.

படி 2: திருப்புவது

மூன்று வழி. நீங்களாகவே ஃபிளிப் சம்மன் செய்யலாம் (செட் செய்த அதே டர்னில் முடியாது), அப்போது அது அட்டாக் நிலையில் நிமிரும். எதிராளி அதை அடித்தால் தானாகத் திரும்பும், அப்போது டிஃபென்ஸ் நிலையிலேயே இருக்கும். மூன்றாவது, வேறொரு சீட்டின் எஃபெக்ட் திருப்பிவிடுவது. எப்படித் திரும்பினாலும் ஃபிளிப் எஃபெக்ட் உள்ள மான்ஸ்டருக்கு அது போதும், ஃபிளிப் சம்மன்தான் ஆக வேண்டும் என்றில்லை.

சும்மா சுவராக வைப்பதற்கும் இது உதவும். மிஸ்டிகல் எல்ஃபின் டிஃபென்ஸ் 2000. கவிழ்ந்திருக்கும்போது அது யாருக்குத் தெரியும்? 1800 அட்டாக் உள்ள லா ஜின்னை வைத்து ஒருவர் ஆசையாக அடித்தால் எல்ஃப் திரும்பும், அடித்தவருக்கே 200 பாயிண்ட் போகும், யாரும் சாக மாட்டார்கள்.

படி 3: நான் விழுந்த குழி

நம்ம பூச்சி மேன்-ஈட்டர் பக். அட்டாக் 450, டிஃபென்ஸ் 600. திரும்பினால் களத்தில் உள்ள ஒரு மான்ஸ்டரைக் குறிவைத்து அழிக்கும். நான் லா ஜின்னால் அதை அடிக்கிறேன். அப்புறம் நடப்பதை மெதுவாகப் பாருங்கள், அக்கா மகனுக்கு நான் இதை விரல் விட்டு மூன்று தடவை காட்ட வேண்டியிருந்தது.

அடிக்கப் போகிறேன் என்று சொல்கிறேன். பூச்சி இன்னும் கவிழ்ந்தேதான் கிடக்கிறது. எதிராளி மிரர் ஃபோர்ஸ் மாதிரி, அடிக்க வரும் பக்கத்தின் அட்டாக் நிலை மான்ஸ்டர்களை அழிக்கும் ட்ராப் போடுவதென்றால் இதுதான் நேரம். சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "சரி, இப்போ போடுறேன்" என்பது செல்லாது.

பிறகு டேமேஜ் ஸ்டெப்புக்குள், அதாவது அடியின் கணக்குப் பார்க்கும் கட்டத்துக்குள் போகிறோம். கணக்குப் போடுவதற்கு முன்னால் பூச்சி நிமிர்கிறது. எல்லோரும் இங்கேதான் அதன் எஃபெக்ட்டைப் போடத் துடிப்பார்கள். கையைக் கட்டுங்கள். இப்போது சீட்டு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது கணக்கு. 1800-க்கு எதிரே 600, பூச்சி தோற்றது. டிஃபென்ஸில் இருந்ததால் பாயிண்ட் நஷ்டம் இல்லை. தோற்றதே தவிர இன்னும் களத்தை விட்டுப் போகவில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது, ஆளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அந்த மாதிரி.

கணக்கு முடிந்த பிறகுதான் ஃபிளிப் எஃபெக்ட். பூச்சி லா ஜின்னைக் குறிவைக்கிறது, லா ஜின் அழிகிறது. டேமேஜ் ஸ்டெப்பின் கடைசியில் பூச்சியும் கிரேவ்யார்டுக்கு (செத்த சீட்டுகளின் குவியலுக்கு) போகிறது. ரெண்டு பேரும் காலி.

நான் ரெண்டு வருஷம் செய்த தப்பு, கணக்கு முடிந்த கையோடு பூச்சியைத் தூக்கி கிரேவ்யார்டில் போட்டுவிட்டு "செத்தவனுக்கு என்ன எஃபெக்ட்?" என்று வாதாடியது. என் கை அவசரப்பட்டதுதான் பிரச்சினை, விதி தெளிவாகத்தான் இருந்தது. அதனால் ஆரம்பத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: அடி முடிந்தாலும் சீட்டைத் தொடாதீர்கள், ஃபிளிப் எஃபெக்ட் உண்டா என்று படியுங்கள், பிறகு தூக்குங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஊட்டியில் ஒரு நண்பர் வீட்டில் ஆடும்போது அவர் களத்தில் மான்ஸ்டரே இல்லை, கடைசி 400 பாயிண்ட்தான் பாக்கி. என்னிடம் கவிழ்ந்த பூச்சி, அதன் அட்டாக் 450. திருப்பி நேரடியாக அடித்தால் ஆட்டம் முடிந்தது என்று பெருமையாக ஃபிளிப் சம்மன் செய்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "எஃபெக்டைப் படி" என்றார். "அழிக்கலாம்" என்று அதில் இல்லை, அழித்தே ஆக வேண்டும். களத்தில் இருந்த ஒரே மான்ஸ்டர் அதுதான். தன்னையே குறிவைத்துத் தன்னையே தின்றுவிட்டுப் போனது. அந்த ஆட்டம் தோற்றேன்.

படி 4: ட்ராப்பும் சங்கிலியும்

ட்ராப்பை வைத்த டர்னில் போட முடியாது, எதிராளியின் அடுத்த டர்னிலிருந்து போடலாம். செட் செய்த குவிக்-பிளே ஸ்பெல்லுக்கும் (எதிராளியின் டர்னிலும் போடக்கூடிய ரகம்) அதே கதி. சாதாரண ஸ்பெல்லை மட்டும் வைத்த டர்னிலேயே திருப்பிப் போடலாம். கையில் உபயோகமில்லாத ஸ்பெல் இருந்தால் அதையும் கவிழ்த்து வையுங்கள், எதிராளி பயப்படட்டும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு, மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன் என்ற குவிக்-பிளே ஸ்பெல். ஒரு ஸ்பெல்லையோ ட்ராப்பையோ அழிக்கும். நான் மிரர் ஃபோர்ஸைத் திருப்பினேன், அக்கா மகன் சடாரென்று டைஃபூனை மேலே போட்டு "உங்க ட்ராப் காலி" என்றான். சீட்டு காலிதான், ஆனால் அதன் வேலை நிற்காது. அழிப்பது வேறு, செல்லாமல் ஆக்குவது வேறு. வெடி பற்ற வைத்த பிறகு தீப்பெட்டியைப் பிடுங்கி என்ன பிரயோஜனம்? அவனுடைய அட்டாக் நிலை மான்ஸ்டர்கள் எல்லாம் போயின. ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் கன்டினியூஸ் ட்ராப்பிடம் இது பலிக்கும். கிரேவ்யார்டிலிருந்து மான்ஸ்டரை எழுப்பும் கால் ஆஃப் த ஹான்டட் போல களத்தில் இருந்துகொண்டே வேலை செய்ய வேண்டியவற்றை, அவை திரும்பியதும் டைஃபூனால் சங்கிலி கட்டினால் (அதாவது பதிலுக்கு மேலே போட்டால்), கடைசியில் போட்டது முதலில் நடக்கும் என்பதால் டைஃபூன் முந்திக்கொள்ளும். ட்ராப் களத்தில் இல்லை, எழுப்ப நினைத்த மான்ஸ்டரும் எழாது.

டைஃபூனை எப்போது போடுவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். அதை முன்னாடியே செட் செய்து வைத்திருந்து, எதிராளி தன் டர்னில் ஒரு ட்ராப்பை வைத்துவிட்டு முடிக்கும்போது அவருடைய எண்ட் பேஸில் போடுங்கள். அந்த ட்ராப் இந்த டர்னில்தான் வைக்கப்பட்டது, பதிலுக்கு அவரால் அதைத் திருப்பவே முடியாது.

மலையில் ஆடுபவர்களுக்கு

கவிழ்த்து வைப்பதே ரகசியத்துக்காக. பளபளக்கும் ஃபாயில் சீட்டு நம்ம ஊர் ஈரத்தில் வில் மாதிரி வளையும், காகிதம் ஈரத்தை உறிஞ்சும், ஃபாயில் உறிஞ்சாது என்பதால். குப்புறப் படுத்தும் முதுகு தூக்கி நின்றால் அது எந்தச் சீட்டு என்று எதிரில் இருப்பவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். என் கட்சி: ஃபாயில் வேண்டாம், சாதாரண சீட்டே போதும். ஸ்லீவ் கண்டிப்பாக வேண்டும், பின்பக்கம் ஒளி புகாத கறுப்பு, பளபளப்பில்லாத ரகம். வாங்கும்போது அளவு பாருங்கள், யூ-கி-ஓ சீட்டு 59-க்கு 86 மில்லிமீட்டர். 63-க்கு 88 உள்ள போக்கிமான் சீட்டுக்கான ஸ்லீவ் வாங்கினால் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். டெக்கை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ரெண்டைக் கூட வையுங்கள். தேவாலா பக்கம் என்றால் நாலு.

மாஸ்டர் டூயல் என்று 2022-ல் வந்த இலவச விளையாட்டு இருக்கிறது, வாதம் முற்றினால் அதில் ஆடிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதிலேயே பழகாதீர்கள். எப்போது என்ன போடலாம் என்பதை அதுவே கேட்டுவிடும், நமக்கு ஒன்றும் மண்டையில் ஏறாது.

பின்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒருவர், மேஜிக்: த கேதரிங் ஆட்டத்திலும் இதே விதியா என்று கேட்டிருந்தார். இல்லை. அதில் 2002-ல் வந்த மார்ஃப் என்ற முறையில், மூன்று மனா (சீட்டு இறக்கச் செலவழிக்கும் சக்தி) கொடுத்து ஒரு சீட்டைப் பெயரில்லாத 2/2 ஆளாக (அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) கவிழ்த்து இறக்கலாம். மார்ஃப் விலையைக் கட்டினால் திரும்பும். அந்தத் திருப்பலுக்கு எதிராளி பதில் போட முடியாது, திரும்பிய பிறகு எழும் எஃபெக்ட்டுக்கு மட்டுமே போடலாம். திரும்புவது வேறு, வேலை செய்வது வேறு என்பது அங்கேயும் உண்டு, ஆனால் வரிசை வேறு. இன்னொன்று, கவிழ்ந்த சீட்டு களத்தை விட்டுப் போனாலும் ஆட்டம் முடிந்தாலும் கட்டாயம் திருப்பிக் காட்ட வேண்டும். கண்ட சீட்டையும் மார்ஃப் என்று சொல்லி இறக்கிவிடக் கூடாதே, அதற்காக.

யூ-கி-ஓவில் ஆட்டம் முடிந்ததும் காட்டச் சொல்லும் அப்படியொரு விதி இல்லை. அந்த மழை நாளின் கடைசி ஆட்டத்தில் அக்கா மகன் ரெண்டு சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தான், அதற்குப் பயந்து நான் மூன்று டர்ன் அடிக்காமலே இருந்து, கடைசியில் எப்படியோ ஜெயித்தேன். "என்னடா அது, காட்டு" என்றேன். டெக்கோடு சேர்த்துக் கலைத்துவிட்டு, மழை விட்டுவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.