விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறுவோர் கவனத்திற்கு

சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளுக்கும் தண்டவாளம் பிரியும் விழுப்புரத்தில் இறங்குபவர், அடுத்த வண்டி எத்தடத்தில் செல்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருச்சிக்கு இங்கிருந்து இரு வழிகள் உள்ளன: விருத்தாசலம் வழியாகச் செல்லும் ‘கார்டு லைன்’ குறுகியது, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் ‘மெயின் லைன்’ பழையது, நீண்டது. பலகையில் திருச்சி என்ற பெயரை மட்டும் பார்த்து ஏறினால், எண்ணியதைவிடச் சில மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர நேரிடும். திருவண்ணாமலைக்குக் காட்பாடித் தடத்து வண்டியே உரியது.

1879-இல் திறக்கப்பட்ட புதுச்சேரிக் கிளைப்பாதை நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவானது. அதில் வண்டிகள் அடிக்கடி இல்லையாதலால், அவசரமெனில் பேருந்தே மேல் என்பது என் கருத்து.

இரு முன்பதிவுப் பயணச்சீட்டுகளில் தொடர் பயணம் செய்வோர், இரண்டின் பிஎன்ஆர் எண்களையும் முன்னரே இணைத்துவிடுவது நல்லது. முதல் வண்டியின் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைத் திரும்பப் பெற இது வழிசெய்கிறது. இதற்கு இரு சீட்டுகளிலும் பயணியின் விவரங்கள் ஒன்றாக இருப்பதும், முதல் சீட்டில் இறங்குமிடமும் அடுத்த சீட்டில் ஏறுமிடமும் விழுப்புரமாகவே இருப்பதும் அவசியம். நடைமேடை மாற்றங்களை ஒலிபெருக்கி அறிவிப்பிலும், வண்டியின் தாமதத்தை 139 என்ற எண்ணிலும் அறியலாம்.