முதலில் கடலைக் கேளுங்கள்: மோல்மேனிலிருந்து செட்சேக்கு ஒரு நாள் சைக்கிள் பயணம்

மியன்மாரில் நம் மோல்மேனுக்குத் தெற்கே இருக்கிறது செட்சே கடற்கரை. முதல் தடவை அங்கே சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. சவுக்கு மரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். கடலைக் காணோம். பழுப்பு மணல், அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு. அதுதான் கடல். கூட வந்த மச்சான் சேற்றில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஐம்பது மைல் மிதித்துப் போய், டீக்கடை அண்டாத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் கடல் இருந்தது. எப்படித் திட்டம் போடுவது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஞ்சர் ஒட்டுவது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. தேதியைக் கடல் முடிவு செய்யட்டும்

எல்லாரும் முதலில் லீவு நாளைப் பார்ப்பார்கள், பிறகு சைக்கிளைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். செட்சே இருக்கிற மார்த்தபான் வளைகுடாவில் அது நடக்காது. இங்கே கடல் ஏறி இறங்கும் அளவு மிகப் பெரியது. வளைகுடாவின் வடகோடியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு ஏழு மீட்டர் வரை போகும். செட்சே கரையோ தட்டையானது. தண்ணீர் இறங்கினால் எங்கோ போய்விடும்.

கணக்கு சுலபம்தான். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் மறுநாள் அதே ஏற்றம் 50 நிமிடம் தள்ளி வரும். ஊர்ப் பெரியவர்கள் இதைத் திதிக்கு இரண்டு நாழிகை என்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டு நாழிகை 48. கைப்பேசியும் செயலியும் இல்லாத காலத்துக் கணக்கு, இரண்டு நிமிடம்தான் பிசகு!

செய்ய வேண்டியது இதுதான். ஒரு வாரம் முன்பே செட்சேயில் யாருக்காவது போன் போடுங்கள். விடுதி, சாப்பாட்டுக் கடை, யாராக இருந்தாலும் சரி. "இன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு நிறைய ஏறியிருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை என்று சொன்னால், அடுத்த ஞாயிறு ஏழு நாளுக்கு, நாளுக்கு 50 வீதம், 350 நிமிடம் தள்ளி, பிற்பகல் 3.20. அருமையான நாள், போகலாம். அவர் பிற்பகல் மூன்று மணி என்று சொன்னால் அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் சேறுதான் இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு வரை பொறுங்கள். இரண்டு வாரத்தில் கடல் ஏறக்குறைய பழைய நேரத்துக்கே வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது ஏற்றம் மூன்றிலிருந்து நான்குக்குள் வரும் நாள். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே இறங்கிக் குளிக்கலாம். இறங்குகிற தண்ணீரில் விளையாடாதீர்கள், உள்ளே இழுக்கும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், மோல்மேன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் நின்று ஆற்றுத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போய் ஏமாந்திருக்கிறார். நம் ஊர் தான்லுவின் ஆற்றின் மேல் இருக்கிறது. கடலில் ஏறிய தண்ணீர் ஆற்றுக்குள் வந்து சேர நேரம் பிடிக்கும். ஆற்றில் நிறையும்போது செட்சேயில் இறங்க ஆரம்பித்திருக்கும். செயலியில் பார்க்கிறவர்களும் யாங்கோன் ஆற்றின் நேரத்தைப் பார்க்காதீர்கள். கரையில் இருக்கிற ஆளைக் கேட்பதுதான் எனக்கு நம்பிக்கை.

2. பின்னாலிருந்து எண்ணுங்கள்

மோல்மேனிலிருந்து முடோன் 18 மைல், தன்பியூசயாட் 40 மைல், செட்சே சுமார் 50 மைல். புதிதாக ஓட்டுகிறவர் மணிக்கு ஒன்பது மைல் போவார், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மிதிக்கிற நேரம் மட்டும் ஐந்தரை மணி. டீ, சாப்பாடு, நிழல், சும்மா உட்காருவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி. ஆக ஏழரை மணி. இரண்டு மணிக்குக் கரையில் இருக்க வேண்டுமானால் காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். டிசம்பரில் ஆறரைக்குத்தான் விடியும், மாலை ஆறுக்கு முன்பே இருட்டிவிடும். இருட்டில் அந்தச் சாலையில் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். மழைக்காலத்தை யோசிக்கவே வேண்டாம். நம் ஊரில் வருஷத்துக்கு ஐந்து மீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது. குளிர்காலத்தில் இன்னொரு லாபம் உண்டு. காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிற நமக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். அதே காற்று திரும்பும்போது முகத்தில் அறையும். அதனால்தான் திரும்ப மிதிக்கச் சொல்ல மாட்டேன், வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

சாலையின் பாதுகாப்பு நிலவரம் ஒரு நாள் இருக்கிற மாதிரி மறுநாள் இருப்பதில்லை. முதல் நாள் மாலை தெற்கே போய்வந்த பஸ்காரரிடம் விசாரியுங்கள். அடையாள அட்டை பைக்குள் அடியில் இல்லாமல் மேலேயே இருக்கட்டும். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் தள்ளிப் போடுங்கள்.

3. சைக்கிளும் சாமானும்

கூடை வைத்த பழைய ஜப்பான் சைக்கிள் போதும். மூன்று கியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. புது மலைச் சைக்கிள் வாங்கித்தான் போவேன் என்றால் உங்கள் பணம், உங்கள் முட்டி.

பார்க்க வேண்டியது டயர் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அளவு. ஜப்பான் சைக்கிளில் பெரும்பாலும் 26 x 1 3/8 என்றிருக்கும். மலைச் சைக்கிளும் "26"தான், ஆனால் அதன் டயர் இதில் உட்காராது. நான் "இருபத்தாறு" என்று மட்டும் சொல்லி வாங்கிய டியூபை முடோன் தாண்டி ரோட்டோரத்தில் பிரித்துப் பார்த்தபோது மலைப்பாம்பு மாதிரி இருந்தது. அன்றைக்கு மடித்துத் திணித்துத்தான் ஓட்டினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பம்பில், குழாய் வைத்த நீளமான கைப்பம்புதான் என் கட்சி. உள்ளங்கை அளவுக்கு அழகாக விற்கிறதே, அதில் காற்று ஏறுவதற்குள் கை இறங்கிவிடும். சாமானைத் தோளில் மாட்டாமல் பின் கேரியரில் பழைய டியூப் ரப்பரால் கட்டுங்கள். கைலி கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாமாக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர்கள் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஐம்பது மைலில் கைலி சங்கிலியோடு ஒரு தடவையாவது பேசும். முகத்துக்குத் தனக்கா (மரப்பட்டை அரைத்த சாந்து) தாராளமாகப் பூசலாம், இடப்பக்கக் கன்னத்தையும் கழுத்தையும் மறக்காதீர்கள். தெற்கே போகிற நமக்கு வெயில் இடப்பக்கமும் முன்னாலிருந்தும்தான் அதிகம் அடிக்கும்.

4. சாலை

முடோன் வரை ஊர் மாற்றி ஊர் வரும், போக்குவரத்தும் அதிகம். நம் நாட்டில் வண்டிகள் ஓடுவது வலப்பக்கம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். இதைச் சைக்கிள்காரர் யோசித்துப் பார்க்க வேண்டும். எதிரே லாரிக்குப் பின்னால் வருகிற ஓட்டுநருக்கு லாரியைத் தாண்டி முன்னால் எதுவும் தெரியாது. பார்ப்பதற்காகவே வண்டியை வெளியே எடுப்பார், எடுக்கிற இடம் உங்கள் பாதை. எதிரே லாரி வந்தால் அதன் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே வைத்துக்கொண்டு ஓரம் கட்டுங்கள். நிற்கிற பழைய பஸ்ஸுக்கு இடப்பக்கம், நடுரோட்டில் கதவு திறக்கும். ஆள் இறங்குவார்.

முடோனுக்கு முன்பே வின்செய்ன் தோயாவின் படுத்த புத்தர் மலைப்பக்கம் தெரிவார். சுமார் 180 மீட்டர் நீளம், தெரியாமல் இருக்க வழியில்லை. உள்ளே திரும்பாதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும். கடல் காத்திருக்காது.

டீயும் ஈச்சாக்குவேயும் (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) முடோனில். சாப்பாடு தன்பியூசயாட்டில். நடுவில் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். வீட்டு வாசல் மூங்கில்களில் ரப்பர் தகடுகளைத் துவைத்த துண்டு மாதிரி வரிசையாகக் காயப் போட்டிருப்பார்கள். காற்று திரும்பினால் புளித்த வாடை வரும், அரை மணியில் மூக்கு பழகிவிடும். சாலையோரம் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். அதில் முகம் கழுவுங்கள், தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் பாட்டில்.

தன்பியூசயாட் மணிக்கூண்டில் மேற்கே, அதாவது வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பி ஒரு மைல் போவதற்குள் இடப்பக்கம் போர்க் கல்லறைத் தோட்டம் வரும். இங்கே மட்டும் கால் மணி நேரம் நில்லுங்கள். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகள் 3,771 பேருக்கு இங்கே கல் இருக்கிறது, புல் வெட்டி, பூச்செடி வைத்து. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்கள் அதே பாதையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்கு இங்கே கல் கிடையாது. மச்சான் எப்போதும் வாசலிலேயே நின்றுவிடுவார், உள்ளே வர மாட்டார்.

அதற்கப்புறம் சைக்கமி போகிற சாலையிலேயே போய், செட்சேக்கு இடப்பக்கம் பிரியும் இடத்தைக் கேட்டுத் திரும்புங்கள். நேராகப் போனால் கடலுக்குள் கட்டிய பகோடாவில் போய் நிற்பீர்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான், இன்றைக்கு இல்லை.

5. திரும்புவது

கரைக்குப் போனதும் குளிப்பதற்கு முன்னால் ஒரு வேலை: மோல்மேன் போகிற கடைசி லைன் கார் (ஆள் ஏற்றிப் போகிற வண்டி) எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு நேரம் சொல்வார்கள். முந்தின நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கூரைமேல் போகும், அதற்குத் தனிக் காசு. ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, ஹேண்டிலைத் தனியாக ஒரு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்று சேர்த்தது: டியூப், பம்ப் எல்லாம் சரியாகக் கொண்டுபோயும் ஒரு தம்பிக்குக் காற்று நிற்கவே இல்லையாம். பஞ்சரும் இல்லை. வால்வைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். பழைய ஜப்பான் சைக்கிள் வால்வுக்குள் சின்னதாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும், நம் ஆட்கள் வால்டியூப் என்பது. அது நைந்துபோயிருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கிப் பணப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.