மாற்று எஞ்சினில் வெபர் கார்புரேட்டர்களைப் பொருத்தும் முறை

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேறு எஞ்சினை இறக்கும்போது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் இரட்டை வெபர் டிசிஓஇ கார்புரேட்டர்களை முதலில் தற்காலிகமாக மாட்டி, பானெட், ஸ்டீயரிங் தண்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றில் எதுவும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ரப்பர் மவுண்டுகளின் மேல் எஞ்சின் அசையும் என்பதால், ஓடாத நிலையில் தெரியும் இடைவெளியை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து, மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) கார்புரேட்டருக்கும் நடுவே ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பதித்த தகட்டை வைத்து, சுருள் வாஷர்களோடு, தானாகத் தளராத நட்டுகளைப் பூட்டவும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். முழுவதுமாக இறுக்கினால் எஞ்சினின் அதிர்வு நேரே கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்குச் சென்று, பெட்ரோல் நுரைத்து, கலவை நிலைகுலையும். ஆகவே வாஷர் சுருள்களுக்கிடையே ஏறத்தாழ 0.5 மி.மீ. இடைவெளி எஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும்.

பெட்ரோல் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அளவில் இருப்பது நல்லது. புதிய எஞ்சின் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும்) வகையாக இருந்திருந்தால், அதன் உயரழுத்தப் பம்பைக் கட்டாயம் விலக்கி, குறையழுத்தப் பம்பும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வைக்கவும்.

ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது காற்று செல்லும் வழியைத் திறந்து மூடும் எல்லா த்ராட்டில் தகடுகளும் முழுமையாகத் திறந்து, விட்டதும் தடையின்றி மூடுகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் சூடேறிய பின், காற்றோட்டமானியைக் கொண்டு இரண்டு கார்புரேட்டர்களின் காற்றிழுப்பையும் சமப்படுத்திய பிறகே கலவைத் திருகுகளைத் தொட வேண்டும்.