தொடர்ந்து தோற்கும் கல்லூரி உதைபந்தாட்ட அணி: பருவத்தின் நடுவில் செய்யக்கூடாதவை

இரண்டு மெட்ச் அடுத்தடுத்துத் தோற்றதும் கொழும்புக் கல்லூரி அணிகளில் முதலில் மாறுவது பெரும்பாலும் கோல் காப்பாளர்தான். அடுத்த மெட்சில் தலைவர் மாறுவார், அதற்கடுத்து 4-4-2 அமைப்பு (பின்களம், நடுக்களம், முன்களத்தில் நிற்போர் எண்ணிக்கை) போய் 4-3-3 வரும். அதற்குள் யார் பக்கத்தில் யார் நிற்பது என்றே பின்கள வீரர்களுக்குத் தெரியாமல் போய்விடும். கோல் எப்படி வாங்கினோம் என்று எழுதிப் பார்க்காமல் அணியில் கை வைப்பதுதான் முதல் தவறு. எங்கள் கணிப்பில் மிகப் பெரிய தவறும் அதுதான்.

ஒரு சாதாரணக் கொப்பி போதும். வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: "63ஆவது நிமிடம். இடப்பக்கக் கோணர் உதை. பின்கம்பத்தில் எதிரணியின் 5ஆம் இலக்கம் தனியே. அவரைப் பிடிக்க யாரையும் சொல்லவில்லை." நான்கு மெட்ச் எழுதினால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பாதிக் கோல்கள் கோணர் உதையில் வந்திருந்தால் 4-3-3 எதையும் திருத்தாது.

கோணர் உதைக்குக் கோல் காப்பாளரோடு பதினொருவருக்கும் இடம் குறித்துக் கொடுங்கள். முன்கம்பத்தில் ஒருவர், கோலுக்கு முன்னாலுள்ள 5.5 மீற்றர் கோட்டில் மூவர், எதிரணியின் உயரமான நால்வரை ஆளுக்கொருவராகப் பிடிக்க நால்வர், பெனல்டிப் பகுதியின் விளிம்பில் ஒருவர், முன்னே ஒருவர். பிழை நடப்பது அநேகமாக இரண்டாவது பந்தில். தலையால் தட்டி வெளியேற்றியதும் எல்லோரும் கோல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். கோணர் உதையிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓஃப்சைட் (எதிரணி வீரர் உங்கள் பின்கள வீரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்து வாங்கும் குற்றம்) கிடையாது, அடுத்து எதிரணி உள்ளே போடும் பந்துக்கு உண்டு. அங்கேயே நின்றால் அந்த விதி உங்களுக்கு உதவாது. பந்து வெளியே போனதும் கோல் காப்பாளர் "வெளியே!" என்று கத்த, எல்லோரும் பெனல்டிப் பகுதியின் விளிம்பான 16.5 மீற்றர் கோடு வரை ஓடிவர வேண்டும். பயிற்சியில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு கோணர் உதை. அதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

தோற்ற மறுநாள் தண்டனையாக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவதை நிறுத்துங்கள். கடைசி 15 நிமிடத்தில் கோல் வாங்கும் அணிக்குத் தாக்குப்பிடிக்கும் வலு குறைவு என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் களைத்த காலை இன்னும் களைக்க வைத்தால் தொடைத் தசை பிடித்து நல்ல வீரர் ஒருவர் வெளியே உட்காருவார். மறுநாள் அரை மணி நேர இலகு பயிற்சி போதும். இரண்டு நாள் கழித்து நாலுக்கு நாலு ஆட்டம் 4 நிமிடமாக நான்கு தடவை, இடையில் 3 நிமிட ஓய்வு. மூச்சும் வளரும், பந்தும் காலில் இருக்கும். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட உடற்சூட்டுப் பயிற்சியை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். காயங்களைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிறுவப்பட்ட பயிற்சி அது.

கொழும்பில் ஒரே மைதானத்தைக் கிரிக்கெட்டும் ரக்பியும் உதைபந்தும் பங்குபோடுவதால் பல அணிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் சின்னச் செயற்கைப்புல் தளங்களுக்குப் போகின்றன. கால்வேகத்துக்கு அது நல்லது. அதை மட்டுமே நம்பினால் ஓஃப்சைட் கோடு பிடிக்கும் பழக்கம் போய்விடும், 7.32 மீற்றர் அகலக் கோலில் எங்கே நிற்பது என்ற கோல் காப்பாளரின் கணக்கும் தவறும். கிழமையில் ஒரு நாளாவது முழு மைதானம் வேண்டும்.

சாப்பாடு. பாடசாலை 1.30க்கு விட்டு மெட்ச் 3.30க்கு என்றால், விட்டதும் முழுச் சோற்றுப் பார்சலையோ கன்டீன் ரோல்ஸையோ சாப்பிட்டு இறங்கக்கூடாது. பாடசாலை இடைவேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, பாடசாலை விட்டதும் இரண்டு வாழைப்பழம், ஒரு பணிஸ், அரை லீற்றர் தண்ணீர். கொழும்பின் புழுக்கத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

அரைநேர ஓய்வில் பயிற்றுவிப்பாளர், பொறுப்பாசிரியர், பழைய மாணவர் என மூவரும் பேசுவது தோற்கும் அணிகளில் அடிக்கடி நடக்கும். பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் பையனின் தலையில் ஒன்றும் நிற்காது. ஒருவர் பேசட்டும், இரண்டே இரண்டு விடயம்.

மருதானை சாஹிரா, கொட்டாஞ்சேனை பெனடிக்ட் போல உதைபந்தில் ஊறிய கல்லூரிகளோடு 0-2 ஆனதும் எல்லோரையும் முன்னே அனுப்பி 0-5 வாங்காதீர்கள். குழுநிலையில் புள்ளி சமமானால் பெரும்பாலும் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அந்தச் சுற்றுப்போட்டியின் விதியைப் பொறுப்பாசிரியர் முதல் நாளே வாசித்திருக்க வேண்டும்.

அடுத்த சுற்று கைவிட்டுப் போனபின் மிச்ச மெட்ச்களில் இளையவர்களை இறக்குவது சரி. ஆனால் ஏழெட்டுப் பேரை ஒரேயடியாக இறக்கினால் அவர்கள் கற்பது பயம்தான். வழக்கமான பின்கள நால்வரையும் வைத்துக்கொண்டு, முன்னே இரண்டு அல்லது மூன்று பேரை, அரைநேர ஓய்வுக்குப் பிறகு அல்ல, ஆரம்பத்திலிருந்தே ஆடவிடுங்கள்.